840: தறிக்காரருக்கு மனப்பாடமாக வேண்டிய எண்

பல்லடம் பக்கம் புதிதாகத் தறி போட்டவர் எவரும் முதல் மாதத்திலேயே ஒரு சிக்கலைச் சந்திப்பார். நூல் கிலோவில் வந்து இறங்குகிறது. பாவு மீட்டரில் ஓடுகிறது. துணியின் அகலத்தையும் இழையின் நெருக்கத்தையும் அங்குலத்தில் சொல்கிறார்கள். நூலின் பருமனை மட்டும் எந்த அலகும் சேர்க்காமல் 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்கிறார்கள். இந்த நான்கும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தால்தான், இந்த ஆர்டருக்கு எத்தனை கிலோ நூல் வாங்குவது என்று தெரியும். சேர்த்து வைக்கும் எண் 840. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு எண்ணைப் பற்றியதுதான். அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால், தறிப் பட்டறையில் வரும் பெரும்பாலான நூல் கணக்குகளைக் கால்குலேட்டர் எடுக்காமலே போடலாம்.

முதலில் நம்பர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 840 கஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ, அதுதான் அந்த நூலின் நம்பர். 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு நின்றால் 40-ஆம் நம்பர். அதாவது ஒரு பவுண்டில் 33,600 கஜம். நம்பர் கூடினால் நூல் மெலிகிறது, குறைந்தால் தடிக்கிறது. பவுண்டு என்பது 453.6 கிராம், கஜம் என்பது 91.44 சென்டிமீட்டர். கைத்தறிக்குப் போகும் நூல் இன்றும் சிட்டமாகவே கட்டப்படுகிறது. விசைத்தறிக்குக் கோனில் வருவதால் நம் கண்ணுக்குச் சிட்டம் படுவதில்லை. ஆனாலும் கோன் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் நம்பருக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

இந்த 840 எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் வழங்கிய அளவு இது. நூலை அளந்து சுற்றும் ராப் ரீலின் சுற்றளவு 54 அங்குலம், அதாவது ஒன்றரை கஜம். அதில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அதை ஒரு லீ என்பார்கள். ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம், 840 கஜம். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளோடு இந்தக் கணக்கும் கொங்கு நாட்டில் ஊன்றிக்கொண்டது. மற்ற இழைகளுக்கு வேறு கணக்கு உண்டு. ஒரு வகைக் கம்பளி நூலுக்குச் சிட்டம் 560 கஜம், லினனுக்கு லீயே 300 கஜம். நமக்கு அவை வேண்டாம்.

அந்த ஏழு என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு சிட்டத்துக்கு 7 லீ. ஒன்றை ஒன்றால் வகுத்தால் சுத்தமாக 1,000. ஆக, ஒரு லீயை நிறுத்து, அதன் எடை எத்தனை கிரெயின் என்று பார்த்து, அந்த எண்ணால் 1,000-ஐ வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும். 25 கிரெயின் நின்றால் 40-ஆம் நம்பர். கிராமில் இதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன். நூல் வாங்குகிறவருக்கு இந்த அத்தியாயத்திலேயே அதிகம் பயன்படப்போவது அதுதான்.

இனி எண்ணின் குணம். 840-ஐப் பிரித்தால் 2×2×2×3×5×7. நான்கே பகா எண்கள், அவையும் ஆகச் சிறியவை. இதனால் 840-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 32 இருக்கின்றன. ஆயிரத்துக்குள் வேறு எந்த எண்ணுக்கும் இத்தனை வகு எண்கள் கிடையாது. 720-க்கு 30, 960-க்கு 28, அவ்வளவுதான். 1 முதல் 8 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் முதல் எண்ணும் 840-தான். 9 மட்டும் இடிக்கும். அதையும் சேர்க்க வேண்டுமானால் மூன்று மடங்கு, 2,520-க்குப் போக வேண்டும். அந்த 2,520, பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 4, 5, 6, 7 ஆகிய நான்கையும் பெருக்கினாலும் 840 வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எண் மறக்கவே மறக்காது.

இப்படி, தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிக வகு எண்களைக் கொண்ட எண்களைத் தனி இனமாகப் பிரித்து ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். அவர் பிறந்தது நம் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22-இல். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் இந்த எண்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அந்த ஆய்வுக்காகவே அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கட்டுரையில் இந்த இனத்து எண்கள் 102-ஐ வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறார். கணினி இல்லாத காலத்தில், 6-க்குப் பின்னால் பன்னிரண்டு இலக்கங்கள் வரும் எண் வரை போன அந்தப் பட்டியலில் விடுபட்டது ஒரே ஒரு எண். 1, 2, 4, 6, 12, 24 என்று தொடங்கும் அந்த வரிசையில் 840 பதினைந்தாவது இடத்தில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் 1,260, 1,680, 2,520, 5,040 எல்லாம் நம் தொழிலில் பாவு இழை எண்ணிக்கையாக அடிக்கடி கண்ணில் படுபவை. ஜவுளிக் கடைக் கணக்கர் வீட்டுப் பிள்ளையின் பட்டியலில் நூல் சிட்டத்தின் எண் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இந்த எண்களுக்கு ஒரு பொது அடையாளத்தையும் ராமானுஜன் காட்டினார். பகா எண்களாகப் பிரித்து எழுதினால், சிறிய பகா எண்தான் அதிக முறை வரும். பெரியது அதைவிட அதிகமாக வரவே வராது. 840-இல் 2 மூன்று முறை, 3, 5, 7 ஒவ்வொன்றும் ஒரு முறை. கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். 29-இன் வர்க்கமான 841-இல் 840-ஐக் கழித்தால் 1, கூட்டினால் 1,681. இரண்டும் வர்க்க எண்களே, பின்னது 41-இன் வர்க்கம். மூன்று பக்கங்களும் முழு எண்ணாக இருக்கும் செங்கோண முக்கோணங்களில், 840 பரப்பளவு கொண்டவை மூன்று உண்டு: 15-112-113, 24-70-74, 40-42-58. ஒரே பரப்பளவில் மூன்று முக்கோணம் அமையும் மிகச் சிறிய எண் இதுவே. இவை தறிக்கு உதவாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

தறிக்கு வருவோம். பாவு எடையின் சூத்திரம் இது: மொத்த இழையைப் பாவின் நீளத்தால் பெருக்கி, 840-ஆல் வகுத்து, நம்பராலும் வகுக்க வேண்டும். நீளம் கஜத்தில் இருந்தால் விடை பவுண்டில் வரும். இதில் முதலில் செய்ய வேண்டியது இழை எண்ணிக்கையை 840-ஆல் வகுத்துவிடுவது. அந்த விடைதான் ஒரு கஜப் பாவுக்குள் இருக்கும் சிட்டம். அதற்கு மேல் எல்லாம் எளிது.

63 அங்குல அகலம், அங்குலத்துக்கு 80 இழை என்று ஒரு காடா துணி ஆர்டர் வைத்துக்கொள்வோம். கரை இழையைத் தனியாக வைத்துவிட்டால் மொத்தம் 5,040 இழை. 840-ஆல் வகுத்தால் 6. ஒரு கஜத்துக்கு ஆறு சிட்டம். சரி, 80-க்குப் பதிலாக 92 இழை என்றால்? 5,796 இழை, வகுத்தால் 6.9. அதுவும் சுத்தமாக வருகிறது பாருங்கள். காரணம், 63-க்கும் 840-க்கும் 21 பொதுவாக இருப்பது. சுருக்கினால் 40-இல் 3 பங்கு. ஆகவே 63 அங்குலத் துணியில் இழை நெருக்கம் எதுவானாலும் அதை மூன்றால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் போதும். 42 அங்குலம் என்றால் நெருக்கத்தில் 20-இல் ஒரு பங்கு. 56 என்றால் 15-இல் ஒன்று. 60 என்றால் 14-இல் ஒன்று. 70 என்றால் 12-இல் ஒன்று. நீங்கள் வழக்கமாக ஓட்டும் அகலங்களுக்கு இதை ஒருமுறை கணக்கிட்டு ஆர்டர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். 50 அங்குலம் மட்டும் 84-இல் 5 என்று கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

ஊடைக்கும் இதே கணக்குதான். ஒரு கஜத் துணிக்குப் போகும் ஊடை எத்தனை கஜம் என்றால், அங்குலத்துக்கு எத்தனை பிக்கோ அதை ரீடு அகலத்தால் பெருக்க வேண்டியதுதான். ரீடு அகலம் என்பதைக் கவனியுங்கள். துணி 63 அங்குலம் வர ரீடில் 66 அங்குலம் நிற்கிறது என்றால் 66-ஐத்தான் எடுக்க வேண்டும். 70 பிக் என்றால் 66×70. இங்கே 66-ஐ விட்டுவிட்டு 70-ஐ 840-ஓடு சுருக்குங்கள், 12-இல் ஒன்று. 66-ஐ 12-ஆல் வகுத்தால் ஐந்தரைச் சிட்டம். அகலம் சுருங்காவிட்டால் பிக் சுருங்கும், பிக் சுருங்காவிட்டால் அகலம் சுருங்கும். இத்தனை வகு எண்கள் இருப்பதன் பயன் இதுதான்.

இப்போது மீட்டரும் கிலோவும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 840 கஜம், பவுண்டு என்பதை மீட்டர், கிலோவாக மாற்றினால் 1,693.4 வரும். அதாவது 1-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவில் 1,693.4 மீட்டர் இருக்கும். இந்த எண்ணைத்தான் இப்போது பலரும் கைப்பேசியில் தட்டுகிறார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் 1,693 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. எல்லாவற்றாலும் வகுபட்டுக் கொடுத்த 840, அளவு மாற்றியதும் எதனாலும் வகுபடாத எண்ணாகிவிடுகிறது. அதனால் மனக்கணக்குக்கு வழியே இல்லாமல் போகிறது. ஒரு பூஜ்யம் தவறாகத் தட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே என் அழுத்தமான ஆலோசனை: கணக்கை 840-இலேயே போடுங்கள், கடைசி வரியில் மட்டும் மாற்றுங்கள். நீளம் மீட்டரில் இருந்து, எடை கிலோவில் வேண்டுமானால், 840-ஆல் வகுத்து வந்த கடைசி விடையை 0.496-ஆல் பெருக்க வேண்டும். இது கிட்டத்தட்டப் பாதி. பாதியாக்கி, அந்தப் பாதியில் நூற்றுக்கு 80 காசு கழித்தால் முடிந்தது. சைசிங் பட்டறைகளில் பழைய கணக்கர்கள் போடும் விதம் இப்படி இருக்கும்:

“ஏனுங்ணா, அஞ்சாயிரத்து நாப்பது இழை, ஆயிரம் மீட்டர் பாவு, நாப்பதாம் நம்பர். எத்தன கிலோ புடிக்குமுங்?”

“ஆறு சிட்டம் தம்பி. ஆயிரம் மீட்டருக்கு ஆறாயிரம். நாப்பதுல வகுத்தா நூத்தம்பது. பாதி எழுவத்தஞ்சு. அதுல அறுவது காசு கழிச்சுக்க. எழுவத்தி நாலே முக்காலுக்கு உள்ளதான் வரோணும்.”

74.4 கிலோ. 1,693.4 வைத்துத் தட்டினாலும் இதே 74.4. ஐந்தரைச் சிட்டம் ஊடையும் இதே வழியில்: 5,500-ஐ 40-ஆல் வகுத்தால் 137.5, பாதி 68.75, கழித்தால் 68.2 கிலோ.

இதோடு சுருக்கத்தையும் சேர்க்க வேண்டும். பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழும் வளைந்து போவதால், ஆயிரம் மீட்டர் துணிக்கு ஆயிரம் மீட்டர் பாவு போதாது. எவ்வளவு சேர்ப்பது என்பதற்குப் புத்தகத்தில் எழுதிய சதவீதத்தை நம்ப வேண்டாம். உங்கள் தறியில் நெய்த அதே ரகத் துணியில், பாவு வாக்கில் சரியாகப் பத்து அங்குலம் அடையாளம் போட்டு வெட்டுங்கள். ஓர் இழையை உருவி, இழுத்து நீட்டிவிடாமல் வளைவு போகும் அளவுக்கு மட்டும் நிமிர்த்தி அளந்து பாருங்கள். 10.6 அங்குலம் இருந்தால் சுருக்கம் 6 சதவீதம். 74.4 கிலோ இப்போது 78.9 ஆகிறது. நாலைந்து இழை உருவிச் சராசரி எடுங்கள். கரை இழைக்கும் கழிவு நூலுக்கும் தனியாக வைக்க வேண்டியதை உங்கள் பழைய பாவுகளின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு நூலில் 840 காட்டும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். 40-ஆம் நம்பரையும் 60-ஆம் நம்பரையும் சேர்த்து முறுக்கினால் என்ன நம்பர்? சராசரி எடுத்து 50 என்றால் தப்பு. இரண்டு இழை சேர்ந்தால் தடிமன் கூடும், நம்பர் இரண்டையும்விடக் குறைய வேண்டும். 840-ஐ ஒவ்வொரு நம்பராலும் வகுங்கள்: 21, 14. கூட்டினால் 35. திரும்ப 840-ஐ 35-ஆல் வகுத்தால் 24. அதுதான் விடை. 24-ஐயும் 40-ஐயும் சேர்த்தால் 35, 21, கூட்டு 56, விடை 15. மூன்று இழை என்றாலும் தயங்க வேண்டாம். 20, 30, 60 சேர்ந்தால் 42, 28, 14, கூட்டு 84, விடை 10-ஆம் நம்பர். பின்னமே தலைகாட்டாது. 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் வந்தால் 10.5, 8.4 என்று ஒரு புள்ளியோடு நின்றுவிடும். 34-ஆம் நம்பர் வந்தால் மட்டும் கால்குலேட்டர் எடுங்கள். முறுக்கு ஏறும்போது நூல் கொஞ்சம் உள்வாங்குவதால் உண்மை நம்பர் இந்த விடையைவிடச் சற்றுத் தடிப்பாகவே நிற்கும்.

இனி நூல் சோதனை. ஒரு லீ நூலின் எடையை கிராமில் எடுத்து, 64.8-ஐ அதனால் வகுத்தால் நம்பர். 453.6 கிராமை ஏழு லீக்குப் பிரித்து வந்த எண் 64.8. 20-ஆம் நம்பரின் லீ 3.24 கிராம், 30-ஆம் நம்பர் 2.16, 40-ஆம் நம்பர் 1.62, 60-ஆம் நம்பர் 1.08. இந்த நாலு எடையையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சோதிக்க ராப் ரீல் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு பலகையில் இரண்டு ஆணி அடியுங்கள். ஆணிகளைச் சுற்றி நூல் ஒரு சுற்று வந்தால் 54 அங்குலம் இருக்க வேண்டும், ஆணியின் கனத்தையும் சேர்த்து. 27 அங்குல இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக அடித்து, டேப் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோனிலிருந்து நூலைத் தளர்வாகவும் இல்லாமல், விறைப்பாகவும் இல்லாமல் 80 சுற்று சுற்றுங்கள். சுற்று சுற்றாகப் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சுற்றளவு கூடிவிடும். கழற்றி, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசில், மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

ஒரு லீயை வைத்து ஆலையோடு சண்டைக்குப் போகாதீர்கள். வேறு வேறு மூட்டையிலிருந்து வேறு வேறு கோன் எடுத்து, எல்லா எடைக்கும் சராசரி கண்டு, அப்புறம் 64.8-ஐ வகுங்கள். 40-ஆம் நம்பருக்கு 1.60 முதல் 1.64 வரை நின்றால் நம்பர் 40.5-க்கும் 39.5-க்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். சராசரி 1.70 நின்றால் கவனிக்க வேண்டிய விஷயம். நம்பர் 38.1. சீட்டில் இருப்பதைவிட நூல் தடிப்பு. காசு கொடுத்தது கிலோவுக்கு, தறிக்கு வேண்டியதோ நீளம். ஒரு கிலோவுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் நூல் குறைகிறது. நூறு கிலோவில் முந்நூறு கிலோமீட்டர்.

கூலிக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நூலை எடை போட்டுக் கொடுத்து, துணியை எடை போட்டு வாங்குகிறார்கள். தடித்த நூல் வந்திருந்தால் பாவு சொன்ன நீளம் வராது. துணி மீட்டருக்கு எடை கூடும். மொத்த மீட்டர் குறையும். நூல் எங்கே போயிற்று என்ற கேள்வி தறிக்காரர் தலையில்தான் விழும். அப்போது கையில் லீ எடை எழுதிய தாள் ஒன்று இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வாய்த்தகராறில் நிற்காமல், 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா ஆய்வகத்தில் நூலைக் கொடுத்துச் சான்று வாங்குவது இருவருக்கும் நல்லது.

ஈரப்பதம் ஒன்று பாக்கி இருக்கிறது. பருத்தி காற்றிலிருந்து ஈரம் வாங்கும். உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. ஐப்பசி மழையில் குடோனில் கிடந்த நூல் அதைவிடக் கூடுதலாக ஈரம் குடித்திருந்தால், லீ எடை கூடி நம்பர் தடிப்பாகக் காட்டும். பங்குனி வெயிலில் நேர்மாறாக, நூல் மெலிந்ததுபோல் காட்டும். ஆகவே சோதிக்கும் கோன்களை ஒருநாள் முன்பே எடுத்து, சோதனை செய்யும் அறையிலேயே திறந்து வையுங்கள். மழை நாளில் எடுத்த எடைக்குப் பக்கத்தில் மழை என்று குறித்து வையுங்கள்.

நூல் வந்து இறங்கிய அன்றைக்கே, சைசிங்குக்கு அனுப்பும் முன், தேதி, லாட் எண், லீ எடை மூன்றையும் ஆர்டர் நோட்டில் எழுதிவிடுங்கள். கஞ்சி ஏறிய நூலில் கஞ்சியின் எடையும் சேர்ந்து நிற்கும். பீமிலிருந்து அறுத்த நூலை நிறுத்துக்கொண்டு நம்பர் குறைவு என்று போனால் எந்த ஆலையும் ஏற்றுக்கொள்ளாது.